ஓட்டுப் போட்ட பிறகு என்ன செய்வது? வாளையாற்றுக்கு இருபுறமும் கிராம சபையைக் கையாளும் முறை

கட்சிகள் நிறுத்துகிற ஆட்களில் ஒருவருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டால் அது ஜனநாயகமாகிவிடுமா? பாதிதான் ஆகும் என்பது எங்கள் பதில். மீதிப் பாதிக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி என்று வாழும் தமிழர்களுக்கும், எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஆனைமலை, கிணத்துக்கடவு, மதுக்கரை வட்டாரத்து மக்களுக்கும் அந்த இடத்தின் பெயர் ஒன்றே: கிராம சபை. பெயர் ஒன்றானாலும் விதிகள் இரண்டு. அந்த வித்தியாசம் தெரியாமல் போவதால்தான் பலருடைய முயற்சி முதல் கூட்டத்தோடு நின்றுவிடுகிறது.

கட்சி மூலமான பிரதிநிதித்துவத்தைப் 'பாதி' என்பதற்குக் காரணம் உண்டு. 2014 மக்களவைத் தேர்தலில் பாஜக சுமார் 31 சதவீத ஓட்டுக்கு 282 இடங்களைப் பெற்றது. அதே தேர்தலில் 4 சதவீதத்துக்கு மேல் வாங்கிய பகுஜன் சமாஜுக்கு ஓர் இடமும் இல்லை. 2024-ல் தமிழ்நாட்டில் திமுக அணி பாதிக்கும் குறைவான ஓட்டில் 39-க்கு 39 இடங்களையும் வென்றது. 2019-ல் கேரளத்தில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அதேபோல 20-ல் 19 இடங்களைப் பிடித்தது. எந்தக் கட்சியும் இதில் ஏமாற்றவில்லை. ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் மட்டுமே ஜெயிப்பார் என்ற முறையில் கணக்கு அப்படித்தான் விழும். ஜெயித்துப் போனவருக்கும் கை கட்டப்பட்டிருக்கிறது. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கட்டளையை, மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். தொகுதி மக்கள் சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் அப்படி ஒன்றும் நடக்காது.

ஓர் அமைப்பு மக்களாட்சியா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். என்ன பேச வேண்டும் என்பதைச் சாதாரண வாக்காளர் முடிவு செய்ய முடியுமா? கணக்கை நேரில் பார்க்க முடியுமா? எடுத்த முடிவை நிறைவேற்றாவிட்டால் எழுத்தில் காரணம் கேட்க முடியுமா? சட்டமன்றத்தில் முதல் கேள்விக்கே பதில் 'இல்லை'. கிராம சபையில் மூன்றுக்கும் வழி இருக்கிறது.

முதலில் உங்கள் சபை எது என்று பாருங்கள்

அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் உள்ளது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். யாரும் நியமிக்க வேண்டாம், யாரும் நீக்கவும் முடியாது. என்ன அதிகாரம் கொடுப்பது என்பதை மட்டும் மாநிலச் சட்டத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபை. கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை. எனவே எருத்தேம்பதிப் பக்கம் இருப்பவர் பக்கத்து வார்டின் சபையில் போய் உட்கார்ந்து பேசினால் அந்தப் பேச்சு பதிவாகாது. கூட்டத்தைக் கூட்டுகிற பொறுப்பு கேரளத்தில் வார்டு மெம்பருடையது. தலைமை வகிப்பவர் பஞ்சாயத்துத் தலைவர். தமிழ்நாட்டில் கூட்டுவதும் தலைமை வகிப்பதும் ஊராட்சித் தலைவர்தான்.

பட்டியல் விஷயத்தில் எல்லையோரத்துக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. கேரளத்தில் உள்ளாட்சி வாக்காளர் பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகத் தயாரிக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர் பெயர் அதில் இல்லாமல் இருக்கலாம். பெயர் இல்லை என்றால் கோரிக்கை மனுவில் போட்ட கையெழுத்து செல்லாது. இன்னொன்று, வீடு கோபாலபுரத்திலும் தோப்பு மீனாட்சிபுரத்திலும் வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் பெயர் வைத்துக்கொள்வது. அது சட்டவிரோதம். பொய் உறுதிமொழி கொடுத்ததற்காக ஒரு வருடம் வரை சிறைத்தண்டனைக்கும் இடம் இருக்கிறது. எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறீர்களோ அங்கே மட்டும் பெயர் இருக்கட்டும்.

பஞ்சாயத்தின் கைக்கு எட்டும் விஷயத்தை எடுங்கள்

இங்கேதான் அதிகமானோர் தவறுகிறார்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் கேரளத்துக்கு வர வேண்டியது ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப் புழையில் (ஆற்றில்) தண்ணீர் குறைந்தால் இரண்டு பக்கத்திலும் மனம் கொதிக்கும். ஆனால் அது இரண்டு மாநில அரசுகளின் விஷயம். கிராம சபைத் தீர்மானம் அதில் மக்களின் விருப்பத்தைச் சொல்லலாமே தவிர, ஒரு மதகைக்கூடத் திறக்காது. அதையே முதல் தீர்மானமாக எடுத்துக்கொண்டு போனால் கைதட்டல் கிடைக்கும், கூட்டமும் அத்துடன் முடியும். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வடிகால், ஊராட்சிச் சாலை, குப்பை, சுடுகாட்டுப் பாதை, பயனாளிப் பட்டியல், தொழிற்சாலைக்கான உரிமம் ஆகியவை பஞ்சாயத்தின் கைக்குள் இருப்பவை. அங்கிருந்து தொடங்குங்கள்.

உரிமம் என்பதைச் சின்ன அதிகாரமாக நினைக்க வேண்டாம். பெருமாட்டிப் பஞ்சாயத்துக்கு உட்பட்ட பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரல் 22-ல் ஆதிவாசி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2003 ஏப்ரலில் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்குகள் மேலே மேலே போனாலும் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மறுபடி உற்பத்தியைத் தொடங்கவில்லை. ஒடிசாவின் நியமகிரியில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சுரங்கம் வரலாமா என்ற முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது. 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. அந்த மலையில் சுரங்கம் வரவில்லை. வன உரிமைச் சட்டம் அந்தச் சபைகளுக்குக் கொடுத்த பலம் அது. சாதாரண ஊராட்சிச் சபைக்கு அவ்வளவு பலம் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்

கூட்டத்தில் எழுந்து நின்று குறையைச் சொன்னால் மினிட்ஸில் (கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில்) "குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரு வரி ஏறும். அந்த வரியை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. நீங்கள் எழுதிக்கொண்டு போகிற தாள் இப்படி இருக்கட்டும்:

"கிழக்குத் தெரு மேல்நிலைத் தொட்டி முதல் மாரியம்மன் கோயில் முக்கு வரையுள்ள பகிர்மானக் குழாயில் 42 வீட்டு இணைப்புகள் உள்ளன. கேட் வால்வு பழுதால் வாரம் ஒரு முறை மட்டுமே தண்ணீர் வருகிறது. மேற்படி வால்வை 30 நாட்களுக்குள் மாற்றவும், செலவை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து செய்யவும், மதிப்பீட்டையும் செலவுச் சீட்டையும் அடுத்த கிராம சபையில் வாசிக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது. முன்மொழிபவர், வழிமொழிபவர், வாக்காளர் பட்டியல் வரிசை எண்கள்."

இதில் இடம் இருக்கிறது, எத்தனை வீடு என்ற எண்ணிக்கை இருக்கிறது, கெடு இருக்கிறது, எந்த நிதி என்று இருக்கிறது, எப்போது கணக்குச் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. இந்த ஐந்தில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த ஓட்டை வழியாகவே தீர்மானம் ஒழுகிப் போகும். நிதி எது என்று எழுதாவிட்டால் "நிதி இல்லை" என்று பதில் வரும். கெடு இல்லாவிட்டால் "பரிசீலனையில் உள்ளது". 15-வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி வைத்திருந்தது. இதுபோன்ற நிபந்தனை தெரிந்தவருக்கு 'நிதி இல்லை' என்று சொல்வது சுலபமில்லை. ஊராட்சி எந்தப் பணிக்கு யாருக்குப் பணம் கொடுத்தது என்பதை இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சியின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கூட்டத்துக்கு முந்தின வாரமே பார்த்து, தொகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளுக்கு ஒரு தீர்மானம் போதும். பத்துக் கோரிக்கையை ஒரே மனுவில் அடுக்கினால் சுலபமான இரண்டுக்குப் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

கேரளத் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழில் எழுதுங்கள். 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்களும் கன்னடர்களும் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. மனுவின் தலைப்பிலேயே அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள். மலையாளம் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்ட மினிட்ஸ் பின்னால் பெரிய தலைவலியாகும்.

கூட்டத்தை வரவழைப்பது

கேரளத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூட வேண்டும். அதற்கு இடையிலும் ஒரு சிறப்புக் கூட்டத்தைக் கேட்டு வாங்கலாம். வார்டு வாக்காளர்களில் 10 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் பேசவேண்டிய பொருளையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால், மெம்பர் 15 நாட்களுக்குள் கூட்டியே ஆக வேண்டும். இரண்டு சாதாரணக் கூட்டங்களுக்கு நடுவில் ஒரு முறைதான் இப்படிக் கேட்கலாம். ஆகவே அந்த வாய்ப்பை அற்ப விஷயத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

வார்டில் 1,300 வாக்காளர் என்றால் 130 கையெழுத்து வேண்டும். 160 வாங்குங்கள். ஒருவரே இரண்டு முறை போட்டது, பக்கத்து வார்டுக்காரர் போட்டது, பெயர் பட்டியலில் இல்லாதது என்று கொஞ்சம் கழியும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் எதிரே பட்டியல் வரிசை எண்ணை எழுதுங்கள். எண் இல்லாத கையெழுத்துகளைச் சரிபார்க்க நேரம் வேண்டும் என்று சொல்லியே 15 நாட்களும் ஓடிவிடும். மெம்பரிடம் கொடுக்கும்போதே பஞ்சாயத்து செக்ரட்டரிக்கும் ஒரு பிரதி கொடுத்து, தேதியும் முத்திரையும் போட்ட ரசீதை வாங்குங்கள். கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

தமிழ்நாட்டில் தேதிகள் முன்கூட்டியே தெரியும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேசவேண்டிய பொருள்களின் பட்டியல் பெரும்பாலும் மேலிருந்தே வந்துவிடுகிறது. அதில் உங்கள் ஊர் விஷயம் இருக்காது. கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பதால், அதற்கும் ஒரு வாரம் முன்னதாகவே, அதாவது சுமார் இரண்டு வாரம் இருக்கும்போதே, உங்கள் தீர்மானத்தை ஊராட்சி அலுவலகத்திலும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தலைவர் கூட்டத்தைக் கூட்டவில்லை என்றால் மாவட்ட ஆட்சியருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள்.

கூட்டத்தில் கவனிக்க வேண்டியவை

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, முதலில். தமிழ்நாட்டு விதிப்படி 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். கேரளத்தில் வார்டு வாக்காளர்களில் 10 சதவீதம். அங்கே கோரம் இல்லாமல் ஒத்திவைத்து மறுபடி கூட்டினால் 50 பேர் போதும். கூட்டம் தொடங்கும்போதே தலைகளை எண்ணி, அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. கோரம் குறைந்தால் கூட்டம் முடிந்த பிறகு பதிவேட்டை வீடு வீடாக எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கும் பழக்கம் எல்லையின் இரண்டு பக்கத்திலும் உண்டு. அப்படி வாங்கிய கையெழுத்துகளுக்கு மேலே இருக்கிற வெற்று இடத்தில் என்ன எழுதப்படும் என்பது கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வருகிற பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்தில் போடும்போதும் தேதியைச் சேர்த்துப் போடுங்கள்.

உங்கள் தீர்மானத்தை வாசித்ததும் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைக் கேளுங்கள். ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று எழுதப்படட்டும். "ஏகமனதாக" என்று எழுதுவது வழக்கம்தான். ஆனால் எதிர்த்த பத்துப் பேரின் குரல் அதில் அழிந்துபோகிறது. இன்று அந்தப் பத்துப் பேர் வேறு கட்சிக்காரர்களாக இருக்கலாம், நாளை அது நீங்களாக இருக்கலாம். கடைசியாக, கூட்டம் கலையும் முன் மினிட்ஸை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாததால் வீணான தீர்மானங்கள்தான் அதிகம். முடிந்தால் அந்தப் பக்கத்தை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயனாளிப் பட்டியல் விஷயத்தில் கேரளச் சட்டம் கறாரானது. கிராம சபை முடிவு செய்த முன்னுரிமை வரிசையைப் பஞ்சாயத்து மாற்றக் கூடாது. எனவே வீடு, கக்கூஸ், ஆடு, கோழி என்று எந்தத் திட்டமானாலும் வரிசை எண்ணோடு பட்டியலை வாசிக்க வைத்து எழுதிக்கொள்ளுங்கள். 'தகுதியுள்ள 15 பேர்' என்று மட்டும் எழுதிவிட்டால் வரிசையை யாரும் எங்கேயும் தீர்மானிக்கலாம்.

மெம்பர் "கட்சி முடிவு" என்று சொன்னால்

கேரளத்தில் வார்டு மெம்பர் தேர்தலே கட்சிச் சின்னத்தில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர் மட்டத்தில்தான் கட்சி வருகிறது. கட்சி இல்லாததாலேயே தமிழ்நாட்டு முறை மேலானது என்று நாங்கள் நினைக்கவில்லை. சின்னம் போன இடத்தில் சாதியும் பணமும் வந்து உட்காருவதை எல்லோரும் பார்க்கிறோம். கேரளத்தில் குறைந்தபட்சம் தவறு செய்த மெம்பரைப் பற்றி அவருடைய கட்சியிடம் போய்க் கேட்கலாம்.

ஆனால் அங்கே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 1999-ம் ஆண்டின் கேரள உள்ளாட்சிக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தைக் காட்டி, 'விப் (கொறடா உத்தரவு) இருக்கிறது, என்னால் மாற்றி ஓட்டுப் போட முடியாது' என்று மெம்பர்கள் எல்லாவற்றுக்கும் சொல்வது. அந்தச் சட்டம் ஓட்டெடுப்பில் கொறடாவுக்குக் கொடுத்திருக்கும் இடம் குறுகியது. தலைவர், துணைத் தலைவர், நிலைக்குழு உறுப்பினர், நிலைக்குழுத் தலைவர் தேர்தல்களும் நம்பிக்கையில்லாத் தீர்மானமும்தான் அதற்குள் வரும். அங்கே மீறினால் மாநிலத் தேர்தல் ஆணையம் பதவியைப் பறிக்கலாம், ஆறு வருடம் போட்டியிடவும் முடியாது. ஒரு சாலைக்கோ வடிகாலுக்கோ உரிமத்துக்கோ கட்சி சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டதற்காக அந்தச் சட்டப்படி பதவி போகாது. கட்சிக்குள் அவருக்கு நெருக்கடி வரும், அது வேறு. இந்த வித்தியாசத்தைக் கிராம சபையிலேயே எல்லோர் முன்னிலையிலும் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். சபையின் தீர்மானம் கையில் இருந்தால் மெம்பருக்கும் கட்சிக் கமிட்டியில் பேச ஒரு பிடி கிடைக்கிறது.

கணக்குக் கேட்பது

சபையில் தீர்மானம் எடுத்து 30 நாள் ஆனதும் எழுத்தில் கேளுங்கள்: என்ன நடவடிக்கை, எவ்வளவு செலவு, நடக்கவில்லை என்றால் ஏன்? கேரளத்தில் காரணத்தை விரிவாகத் தெரிந்துகொள்வது கிராம சபையின் சட்டப்படியான உரிமை. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. 'ஏன் செய்யவில்லை?' என்று அதில் கேட்காதீர்கள், அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும். தீர்மானப் பக்கத்தின் நகல், மதிப்பீட்டு அறிக்கை, செய்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் அளவுப் புத்தகத்தின் நகல், பணம் கொடுத்த சீட்டு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. முறைகேடு என்று தெரிந்தால் கேரளத்தில் உள்ளாட்சிக்கென்றே புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். தமிழ்நாட்டில் ஆவணங்களோடு மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும்.

கணக்குக் காட்டாதவரை விலக்கி வைப்பது நமக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கணக்குக் காட்டாத வாரிய உறுப்பினரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு (குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் முறைக்கு) தகுதியற்றவர் என்கின்றன. அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை, உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. இன்றைய கிராம சபையில் தோட்டக் கூலிக்கும் தோட்டக்காரருக்கும் ஒரே ஓட்டு. ஆனாலும் கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிறவர் வர மாட்டார். அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். கேரளப் பக்கம் நேரத்தை மாலைக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றக் கேளுங்கள். அயல்கூட்டங்களில் (குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களில்) முன்கூட்டியே பேசிவிட்டால் பெண்கள் வருவார்கள், வந்தால் பேசவும் செய்வார்கள். தமிழ்நாட்டில் தேதிகள் பெரும்பாலும் விடுமுறை நாட்களில் விழுவது கொஞ்சம் உதவி. இடத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே தெருவில் வைக்காமல் காலனிக்கும் மாற்றச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் இப்போது இன்னொரு சிக்கலும் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. அரசு நியமித்த தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். 2025 ஜனவரியில் கோவை உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். பிரதிநிதி இல்லாத அந்த நாட்களிலும் கிராம சபை கலைவதில்லை, அதற்குப் பதவிக்காலமே கிடையாது. தனி அலுவலரிடம் ஒப்புகை வாங்குவதும், தீர்மானம் எழுதுவதும், கணக்குக் கேட்பதும் மேலே சொன்ன அதே முறைதான். ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்யுங்கள்: ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்ற அரசியலமைப்பின் 243-இ பிரிவைக் காட்டி, உடனே தேர்தல் நடத்தக் கோரும் தீர்மானத்தை ஒவ்வொரு கிராம சபையிலும் எண்ணிக்கையோடு பதிவு செய்து, நகலை மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.